லாபம், ரெண்டு, மூணு

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பெய்த பருவம் தப்பிய மழையை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறுவடைக்கு நின்ற சம்பாவும் தாளடியும் சாய்ந்து, கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. வெயில் வந்ததும் மிஞ்சியதை அறுத்தவர்கள், களம் போதாமல் தார்ச்சாலையிலேயே நெல்லைப் பரப்பினார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் வம்பு என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த மாத நடுவில் ஒரு மாலை, மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு டிவிஎஸ் ஃபிப்டியில் திரும்பிக்கொண்டிருந்த அப்பா, நெல்லின் மேல் வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வைத்திருந்த கருங்கல்லுக்கு விலகப் போய், நெல்லின் மேலேயே ஏறி, வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு வயது 57. தலைக்கவசம் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நெல் எங்களுடையதன்று. ஆனால் அரைக் கிலோமீட்டர் தள்ளி எங்கள் நெல்லும் அதே சாலையில்தான் காய்ந்துகொண்டிருந்தது என்பதால், யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

விழுந்தவர் தானே எழுந்து உட்கார்ந்தார் என்பதுதான் எங்களை ஏமாற்றியது. "ஒண்ணுமில்லப்பா, லேசாத்தான்" என்று கூடியவர்களிடம் சொல்லிவிட்டு, யாரோ கொடுத்த சோடாவைக் குடித்துவிட்டு, இன்னொருவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார். காதோரம் ஒரு சிராய்ப்பைத் தவிர வெளிக்காயம் இல்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டாயிற்றா என்று அம்மாவிடம் கேட்டார். சற்று நேரத்தில் அதையே மறுபடியும் கேட்டார். அந்த இரண்டாவது கேள்வியில் நாங்கள் விழித்திருக்க வேண்டும். ஒரு முறை வாந்தி எடுத்தார், பாயில் சாய்ந்தார். "அலுப்பா இருக்கும், தூங்கட்டும்" என்று சொன்னது நான்தான். ஒன்றரை மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, நினைவு மங்கிக்கொண்டிருந்தவரின் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்த சத்தம். சாப்பிட எழுப்பப் போனபோது அவர் எழவில்லை. வலது கையைத் தூக்கினால் ஈரத்துணி போல விழுந்தது.

தலையில் அடிபட்டவர் முதலில் தெளிவாகப் பேசிவிட்டுப் பிறகு மயங்குவது அரிதான செய்தி அன்று; மருத்துவர்களுக்கு நன்கு பழகிய ஒன்று. மண்டையோட்டுக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து கட்டியாகச் சேர்கிறது, மூளை வீங்குகிறது, ஆனால் எலும்புக் கூடு விரிந்து கொடுப்பதில்லை. இடம் இருக்கும்வரை ஆள் பேசுகிறார், இடம் தீர்ந்ததும் சாய்கிறார். அதனால்தான் அடிபட்ட பிறகு திரும்பத் திரும்ப வாந்தி வருவது, கேட்டதையே கேட்பது, எழுப்ப முடியாத தூக்கம், கண்ணின் கருமணிகளில் ஒன்று மட்டும் பெரிதாக இருப்பது, ஒரு பக்கக் கைகால் தளர்வது, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல வடிவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளி என்றால் இவை எதற்கும் காத்திராமல் அப்படியே கிளம்பிவிட வேண்டும். சோடாவும் தண்ணீரும் கொடுப்பது நம் ஊர் அன்பு. ஆனால் நினைவு தப்பப் போகிறவருக்கு அது நுரையீரலுக்குள் போகக்கூடிய ஆபத்து.

108 வண்டி வந்தது. தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்து ஓடும் அந்த வண்டியைப் பற்றி எனக்கு இருந்த ஒரே கருத்து அதன் சத்தம் மட்டுமே. அன்று இரவு அதிலிருந்து இறங்கிய பணியாளர், நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அப்பாவைத் தூக்கப் போனதைத் தடுத்து, முதலில் கழுத்தில் பட்டை கட்டி, பலகையில் புரட்டி ஏற்றியதைப் பார்த்தபோதுதான், கழுத்தெலும்பும் உடைந்திருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்தது. பக்கத்து ஊரில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த மருத்துவர் தஞ்சாவூருக்கு அனுப்பினார். விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டிருந்ததால், அந்த இரவில் பணம் கட்டும் இடத்தில் நாங்கள் நிற்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த செலவில் ஒரு பகுதி முதலமைச்சர் காப்பீட்டில் போனது. மீதிக்கு அம்மாவின் காசுமாலை போனது.

நான் பள்ளி ஆசிரியை. மதிப்பெண் போட்டே வாழ்கிறவள். ஆகவே, அப்பாவின் கட்டிலில் தொங்கிய தாளில் எழுதியிருந்த 7 என்ற எண்ணை முதலில் புரிந்துகொண்டவள் நான்தான். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்னும் இரு மருத்துவர்கள், அடிபட்டவருக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க 1974-இல் வகுத்த அளவுகோல் அது. கண் திறப்பதற்கு அதிகபட்சம் 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எதுவுமே இல்லாதவருக்கும் பாகத்துக்கு ஒன்றாக 3 கிடைக்கும். 13-உம் அதற்கு மேலும் லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-உம் அதற்குக் கீழும் கடுமையானது. அப்பா கண் திறக்கவில்லை, 1, முனகினார், 2, கிள்ளினால் கையை இழுத்துக்கொண்டார், 4. மாணவர்களை ஒரு மதிப்பெண்ணில் தோற்கடித்த பாவமெல்லாம் அந்த நடைபாதையில் என்னைச் சுற்றி நின்றது.

இடது பக்க மூளையில் நசிவு, அதன் மேல் உறைக்குக் கீழே இரத்தக் கட்டி, வீக்கம். மண்டையோட்டின் இடது பக்கத்தை அகலமாகத் திறந்து, கட்டியை எடுத்து, எலும்பை உடனே மூடாமல் விட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். அவர் சொன்ன இன்னொன்றை என் தம்பி அன்று காதிலேயே வாங்கவில்லை. நான் வாங்கினேன், ஆனால் உள்ளே போகவில்லை. "டீச்சர், இதைச் செஞ்சா உயிர் நிக்கிறதுக்கு வழி இருக்கு. ஆனா எப்படி இருப்பாருன்னு இப்ப என்னால சொல்ல முடியாது." மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டைத் திறப்பது பற்றி 2016-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வைப் பல மாதங்கள் கழித்துப் படித்தேன். இறப்பவர்கள் குறைகிறார்கள், ஆனால் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்கிறவர்களின் எண்ணிக்கை கூடுகிறது என்பதே அதன் சாரம். அந்த மருத்துவர் அதைத்தான் இரண்டு வரியில் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்டோம். மறுபடியும் அந்த இரவு வந்தாலும் போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எதற்குப் போடுகிறேன் என்று தெரிந்து போடுவேன்.

எடுத்த எலும்பை அப்பாவின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே பையாக வைத்துத் தைத்திருந்தார்கள்; உடம்பு தன் எலும்பைத் தானே பாதுகாக்கும், பிறகு எடுத்துத் தலையில் பொருத்தலாம். அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் பாதி நாள் போயிற்று. புரிந்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "பசிச்சா வலிக்காதா?"

தீவிர சிகிச்சைப் பிரிவில் 17 நாட்கள். பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே புகாரைச் சொன்னார்கள்: பெரிய ஊசி எதுவும் போடுவதில்லை, வெறுமனே படுக்க வைத்திருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. உண்மையில், அடிபட்ட மூளையைத் திரும்பச் செய்துவிடும் மருந்து ஒன்று இன்றும் இல்லை. விழுந்த கணத்தில் சேதமானது சேதமானதுதான். அதற்குப் பிறகு வரும் இரண்டாவது சேதத்தைத் தடுப்பதே அங்கே நடக்கும் வேலை முழுவதும்: பிராணவாயு குறையாமல், இரத்த அழுத்தம் விழாமல், காய்ச்சல் ஏறாமல், உப்புச் சத்து தடுமாறாமல், மூளைக்குள் அழுத்தம் கூடாமல் பார்த்துக்கொள்வது. கட்டிலின் தலைமாட்டை 30 பாகை உயர்த்தி, கழுத்தை நேராக வைத்திருப்பதுகூட மருந்துதான். கழுத்து திரும்பினால் மூளையிலிருந்து இரத்தம் இறங்கும் வழி நெருங்குகிறது. என் தம்பி திருப்பூரிலிருந்து வந்தவுடன், யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீராய்டு ஏன் போடவில்லை என்று சண்டைக்குப் போனான். 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2004-இல் முடிவு வெளியான சோதனையில், தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு போட்டவர்களே அதிகம் இறந்தார்கள் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். செய்யாமலிருப்பதும் வைத்தியத்தில் ஒரு செய்கை என்பதை ஏற்றுக்கொள்வது நமக்குக் கடினமாகத்தான் இருக்கிறது.

எட்டாம் நாள் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் கண் திறந்தார். திரைப்படத்தில் கண் திறந்தவர் மனைவியின் பெயரைச் சொல்வார். அப்பா விட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை. கண் திறப்பதும் நினைவு வருவதும் வேறு வேறு என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வார்டுக்கு மாற்றிய பிறகு அதைவிடப் பயங்கரமான வாரம் ஒன்று வந்தது. மூக்குக் குழாயைப் பிடுங்கினார், செவிலியரை உதைத்தார், இரவெல்லாம் கட்டிலைக் குலுக்கினார். கையைத் துணியால் கட்டி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அத்தை, "எங்கண்ணனுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சே" என்று அழுதார். மயக்கத்திலிருந்து மேலேறி வரும் வழியில் பலரும் கடக்கும் கட்டம் அது. நோயாளி குழம்பிக் கொந்தளிக்கிறார், ஆனால் அது முன்னேற்றத்தின் பக்கம் இருக்கும் கொந்தளிப்பு. விளக்கைக் குறைத்து, ஒரே சமயத்தில் ஒருவர் மட்டும் அருகிலிருந்து, தாழ்ந்த குரலில், இது எந்த ஊர், இன்று என்ன கிழமை, நான் யார் என்று திரும்பத் திரும்பச் சொல்வதே அதற்குரிய முறை. நாங்கள் அதற்கு நேர்மாறாக, பத்துப் பேர் சுற்றி நின்று "என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதா" என்று தேர்வு வைத்துக்கொண்டிருந்தோம்.

34-ஆம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு தாள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று அதில் இருந்தது. வேறெதுவும் இல்லை. ஐந்து வாரம் இரவு பகலாக உயிரைப் பிடித்து நிறுத்தியவர்கள் அவர்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால், பேசாத, விழுங்காத, வலது பக்கம் அசையாத, தலையின் ஒரு பக்கம் குழிந்த ஒரு மனிதரை, ஒரு கிழவியிடமும் ஒரு பள்ளி ஆசிரியையிடமும் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியதில் நூற்றில் ஒரு பங்கையும் யாரும் சொல்லவில்லை. முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு திட்டமும் ஒரு வண்டியும் ஒரு படையும் இருக்கின்றன. அதற்குப் பின் வரும் 18 மாதங்களுக்கு அம்மாதான் இருந்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப் புண். அம்மா இதற்குக் கடிகாரம் பார்க்கவில்லை. மன்னார்குடிப் பேருந்து போகும் சத்தம், பள்ளி மணி, பால்காரர், கோயில் மணி, இரவில் என் கைப்பேசியின் அலாரம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். மூக்குக் குழாயில் கஞ்சியை வடிகட்டி ஊற்றும்போது உட்காரவைக்க வேண்டும், ஊற்றிய பின் அரை மணி நேரமாவது சாய்க்கக் கூடாது. குழாயை எடுத்த பிறகு, விழுங்கத் தெரியாதவருக்கு எளியது தண்ணீர் என்று நினைத்திருந்தோம்; ஆனால் தண்ணீர்தான் நொடியில் வழுக்கி மூச்சுக் குழலுக்குள் போகிறது. கெட்டியான கேழ்வரகுக் கூழும் மசித்த பூவன்பழமும் தந்த நம்பிக்கையை முதல் மாதத்தில் தண்ணீர் தரவில்லை. நடக்கவைக்கத் தொடங்கியதும், எலும்பில்லாத இடத்தைக் காக்க மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் இலகுவான கவசம் ஒன்றைத் தம்பி வாங்கி வந்தான். சாலையில் ஒரு நாளும் கவசம் அணியாத மனிதர், வீட்டுக் கூடத்தில் ஆறு மாதம் அதை அணிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

பேச்சு வரவில்லை. நான்கு மாதமாக "பே" என்ற ஓரசை மட்டுமே எல்லாவற்றுக்கும். பசிக்கும் "பே", கோபத்துக்கும் "பே", என்னைப் பார்த்தாலும் "பே". 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், "டான்" என்ற ஓரசையை மட்டுமே சொல்லக்கூடிய நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, இடது முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். பேச்சு மூளையில் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் வலுவான சான்றுகளில் ஒன்று அது. பெரும்பாலானவர்களுக்கு மொழியும் வலது கைகாலும் இடது மூளையின் பொறுப்பு என்பதால்தான் அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகப் போயின. பேச்சுப் பயிற்சி தருபவர் எங்கள் பக்கத்தில் இல்லை. தஞ்சாவூருக்கு மாதம் ஒரு முறை போய்வந்தோம். அவர் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்துக்கொண்டது. யோசித்துக் கோத்துச் சொல்லும் பேச்சு அழிந்தாலும், யோசிக்காமல் வரும் பேச்சு பலருக்கு மிஞ்சியிருக்கும். எண்ணுவது, கிழமை சொல்வது, பழகிய பாட்டு, சாமி பெயர், வசவு. "அதுல ஏதாவது ஒரு கதவு திறந்திருக்கும், தேடிப் பாருங்கம்மா" என்றார். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக் காட்டினேன், கிழமை சொன்னேன், பாடிக்கூடப் பார்த்தேன். "பே".

அந்த ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். குறுவைக்கு விதை நெல் அளக்கச் சித்தப்பா வந்திருந்தார். கூடத்தில் சாக்கை விரித்து, குதிரிலிருந்து எடுத்த நெல்லைக் கொட்டி, நெல் அளக்கும் படியான பழைய மரக்காலை எடுத்து வைத்தார். அப்பா கவசத்தோடு எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல எதையும் பார்க்காத பார்வை. சித்தப்பா மரக்காலைக் குவியலுக்குள் அமுக்கி, நிமிர்த்தி, கையால் தலையை வழித்து, சாக்குக்குள் சாய்க்கத் தூக்கினார். எங்கள் பக்கம் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்வதில்லை. சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "லாபம்." குழறல் இல்லாமல், களத்தில் நின்று அளக்கிறவரின் குரலில். மரக்கால் அந்தரத்திலேயே நின்றது. சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். சித்தப்பா புத்திசாலி, எதுவும் பேசாமல் சாய்த்துவிட்டு அடுத்ததை அளந்தார். "ரெண்டு." அதற்கடுத்து, "மூணு." பதினொன்று வரை போனார், அதன்பின் குழம்பி "பே" ஆகிவிட்டது. அன்று எங்களுக்குத் தேவைப்பட்ட விதை ஆறு மரக்கால்தான். சித்தப்பா சாக்கை மறுபடியும் கவிழ்த்து, நெல்லைக் கொட்டி, இருட்டும்வரை அளந்துகொண்டேயிருந்தார்.

அந்த ஆண்டு குறுவைக்குத் தண்ணீர் கடைசிவரை வரவில்லை என்பது வேறு கதை.

கைப் பயிற்சிக்கும் இதே வழிதான் பிறகு உதவியது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்த பிசியோதெரபி பெண், மூடிக்கொண்ட விரல்களைப் பிரித்து நீட்டும் முறையையும், குதிகால் தரையில் பதியுமாறு நிற்கவைக்கும் முறையையும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் அப்பா அதை எறிந்துவிடுவார். ஒரு நாள் அந்தப் பெண் திண்ணையில் கிடந்த வைக்கோலைப் பார்த்துவிட்டு, "ஐயா பிரி திரிப்பாரா?" என்று கேட்டார். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்தாலொழிய வைக்கோல் பிரி திரிக்க முடியாது. முதல் வாரம் வலது கை வெறுமனே வைக்கோலின் மேல் கிடந்தது, அம்மா அதன் மேல் தன் கையை வைத்துத் திரித்தார். மூன்றாம் மாதம் அப்பா திரித்த பிரி முழம் நீளம் இருந்தது. எந்தக் கன்றுக்குட்டியும் அறுத்துக்கொண்டு போகக்கூடிய பிரி. உடம்பு முன்பு செய்த வேலையையே, அதே பொருளை வைத்து, ஆயிரம் முறை செய்யவைப்பதுதான் இந்தப் பயிற்சியின் மூலம்; சேதமடையாத பகுதிகள் புதிய பாதை போட்டுக்கொள்ள அந்த ஆயிரம் தேவைப்படுகிறது. முதல் ஆறு மாதத்தில் ஏற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது. ஓராண்டுக்குப் பிறகு எதுவும் தேறாது என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. அப்பா சட்டைப் பொத்தானைத் தானே போட்டது இருபதாவது மாதத்தில்.

ஆவணியில் எலும்பைத் திரும்பப் பொருத்தினார்கள். ஆடியில் வேண்டாம் என்று அத்தை பிடிவாதம். கார்த்திகையில் முதல் வலிப்பு வந்தது. காயம்பட்ட முதல் வாரத்தில் கொடுக்கும் வலிப்பு மருந்து அந்த வாரத்து வலிப்பைத்தான் தடுக்கும். மாதங்கள் கழித்து மூளையின் தழும்பிலிருந்து கிளம்பும் வலிப்பு வேறு, அது வந்தபின் நீண்ட நாள் மருந்து வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சாவிக் கொத்தைக் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லுக்கிடையே கரண்டியைக் கொண்டுவந்தார். இரண்டும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றியுள்ளவற்றை நகர்த்திவிட்டு, மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனை. அன்றிலிருந்து ஆற்றுக் குளியல் நின்றது. பாமணியாற்றில் ஐம்பது வருடமாக மூழ்கி எழுந்தவரிடம் அதைச் சொல்வது, வலது கை வராது என்று சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது. இப்போது என் கணவர் உடன் போனால் மட்டும் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிறார். மறதிக்கு நல்லது என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்த வல்லாரை லேகியம் அலமாரியில் மூன்று டப்பா இருக்கிறது. வலிப்பு மருந்தோடு எதையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அப்பா நடக்கிறார், சிறு வாக்கியங்களில் பேசுகிறார், தலைமுடி வளர்ந்து தழும்பை மூடிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "நல்லாத்தான இருக்காரு" என்கிறார்கள். முன்மூளையில் பட்ட அடி வெளியே தெரிவதில்லை. சோற்றைப் போட்டு வைத்தால், "சாப்பிடுங்க" என்று சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்; அது சோம்பல் அன்று, ஒரு செயலைத் தொடங்கிவைக்கும் விசை போய்விட்டது. என்னை "பாப்பா" என்பதைத் தவிர வேறு சொல்லால் கூப்பிட்டிராதவர், குழம்பில் உப்புக் குறைந்ததற்காக எழுத்தில் கொண்டுவர முடியாத சொல்லால் அம்மாவைத் திட்டினார். பத்து நிமிடம் கழித்து, நடந்ததே தெரியாமல், அவரிடமே வெற்றிலை கேட்டார். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய், தவில் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். சம்பந்தி வீட்டார் இன்றுவரை மனத்தாங்கலோடு இருக்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் கூட்டமும் ஒரு மணி நேரத்தில் அவரைக் களை வெட்டியவர்போல ஆக்கிவிடுகின்றன. நாங்கள் யாரும் இல்லாத ஒரு பகலில் வந்த மாட்டுத் தரகரிடம், நாற்பதாயிரம் பெறும் கறவை மாட்டைப் பன்னிரண்டாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார். சண்டைக்குப் போனபோது தரகர் சொன்னார்: "நல்லாத்தானம்மா பேசுனாரு. நான் என்ன மயக்க மருந்தா குடுத்தேன்?" அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக ஒரு முகாமுக்குப் போனோம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. தலைக்காயத்தால் வந்த மூளைச் சேதம் என்று தனியாக ஒரு வகை அவற்றில் இல்லை, கைகால், பேச்சு என்று பிரித்துத்தான் போக வேண்டும். கையை மடக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், அளந்தார்கள். மாடு விற்ற கதையைச் சொன்னேன். மேசைக்கு எதிரே இருந்தவர் பரிவோடுதான் கேட்டார், ஆனால் அதை எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. அம்மா எத்தனை இரவு கொல்லைப்புறத்தில் போய் உட்கார்ந்து அழுதார் என்பதற்கும் கட்டம் இல்லை. கோபம் வந்தால் எதிர்த்துப் பேசாமல் இடத்தைவிட்டு நகர்ந்துவிடு, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேள், நாளின் வேலைகளைச் சுவரில் வரிசையாக எழுதி ஒட்டு, மதியம் ஒரு மணி நேரம் இருட்டறையில் படுக்கவை, பணம் சம்பந்தப்பட்டதை ஒருவர் பொறுப்பில் வை. நாங்கள் இரண்டு வருடத்தில் அடிபட்டுக் கற்றுக்கொண்ட இந்த ஐந்தையும், அந்த 34-ஆம் நாள் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருந்தது.

டீக்கடையில் அப்பா கையை நீட்டி "டீ லாபம்" என்பார். கடைக்காரர் ஒரு டீ கொடுப்பார். இரண்டு வேண்டுமென்றால் "ரெண்டு" சரியாக வருகிறது. 'ஒன்று' மட்டும் இன்னும் திரும்பவில்லை. பையன்கள் சிரிக்கிறார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார், ஏன் என்று தெரிந்து சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த டிவிஎஸ் ஃபிப்டி மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில் நிற்கிறது. தினமும் காலையில் பழைய வேட்டித் துணியால் அதைத் துடைத்து, பெடலை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு வருகிறார். யாரும் சொல்லாமலே அவர் தானாகத் தொடங்கும் வேலை இது ஒன்றுதான் என்பதால் நான் தடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றி என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். போன வாரம் பீரோவைத் திறந்தபோது, புடவைகள் நான் வைத்த வரிசையில் இல்லை. பிளக் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.